பேசாத பிள்ளையும் என் மீட்டிங்கும்

வேலும் மயிலும் துணை.

குமரகுருபரர் கதை நமக்குத் தெரிஞ்சதுதான். 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, ஐந்து வயசு வரை பேச்சு வராமல், திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடின பிள்ளை. ஆபீஸ்ல பிரசன்டேஷன் இருக்கிற அன்னைக்கெல்லாம் அம்மா திருநீறு பூசிவிட்டுச் சொல்ற கதையும் இதுதான். நானும் தலையாட்டிட்டுப் போவேன். போய் உளறுவேன்.

தூத்துக்குடியில் கண்டெய்னர் யார்டு வச்சிருக்கிற ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுறேன். போன வருஷம் புது சிஸ்டத்தை யார்டு ஆட்களுக்கு விளக்கச் சொன்னாங்க. 26 ஸ்லைடு. ஏபிஐ, டேட்டாபேஸ், அலர்ட் என்ஜின்னு போயிட்டே இருந்தேன். பத்தாவது ஸ்லைடில் ஒரு சூப்பர்வைசர் அண்ணாச்சி மெதுவா கேட்டார், "தம்பி, இதுல எங்க பொட்டி எங்க வருது?" எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அந்த சிஸ்டத்தை யாரும் தொடலை. ஆறு மாச உழைப்பு.

அப்புறம்தான் குமரகுருபரர் கதையின் பின்பாதி ஞாபகம் வந்தது. நாம அதிகம் சொல்லாத பாதி. பெரிய புலவரான பிறகு அவர் காசிக்குப் போறார். அங்கே மடம் அமைக்க பாதுஷாவிடம் பேசணும். பாதுஷாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால கலைமகளை வேண்டி சகலகலாவல்லி மாலை பாடி, இந்துஸ்தானி கற்றுக்கொண்டார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. கந்தன் கொடுத்த வாக்கு கைவசம் இருந்தும், கேட்கிறவர் பாஷையைத் தேடிப் போயிருக்கார். காசி கேதார் கட்டத்தில் அந்த மடம் இன்னைக்கும் இருக்கு.

எனக்கு தைரியம் குறைவுன்னு நினைச்சிருந்தேன். குறைஞ்சது பாஷை.

ரெண்டு நாள் யார்டுல போய் நின்னேன். வெயில் மண்டையைப் பிளந்தது, அது தனிக்கதை. அவங்க வாயில் அடிக்கடி வந்த வார்த்தை 'கட்-ஆஃப்'. கப்பலுக்கு ஏத்த வேண்டிய பொட்டி துறைமுகத்துக்குள்ள போயாக வேண்டிய கடைசி நேரம் அது. தவறினா பொட்டி அடுத்த கப்பலுக்குத்தான். உள்ளே இறாலோ மீனோ இருக்கிற ரீஃபர்னா, அதுவரை கரண்ட் கொடுத்துக் காப்பாத்தணும், செலவு ஏறும். நான் 'அலர்ட் என்ஜின்'னு சொன்னது இதுக்குத்தான். எனக்கே அன்னைக்குத்தான் உறைச்சது.

மறுபடி கூப்பிட்டப்போ ஐந்தே ஸ்லைடு. முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் பண்ணி, போனில் பதிவு செய்து கேட்டுப் பார்த்திருந்தேன்: "கட்-ஆஃபுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே உங்க போன் அடிக்கும்." கை நடுங்கத்தான் செஞ்சுது. ஆனா முன்வரிசை அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "லாரி கேட்டுல மாட்டிக்கிட்டாலும் அடிக்குமா?" கேள்வி மேல கேள்வி. பதில் சொல்லச் சொல்ல நடுக்கம் எப்போ நின்னுச்சுன்னே தெரியலை.

அடுத்த வாரம் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் ஆட்களுக்குப் பேசணும். அவங்க பாஷை வேற. நாளைக்கு அவங்க ஆபீஸ்ல போய் உட்காரப் போறேன்.

ஓம் சரவணபவ.