க்வெரியை எண்ணிப் பழகுங்கள்

புதிதாக டீமுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஓ.ஆர்.எம். பற்றிச் சில வார்த்தைகள்:

1. முதலில் லாகைத் திறந்து க்வெரிகளை எண்ணுங்கள். ஜாங்கோவில் 50 ஆர்டர் காட்டும் பக்கம். லூப்புக்குள் வாடிக்கையாளர் பெயரைத் தொடுகிற ஒரே ஒரு வரி. ஆர்டர் பட்டியலுக்கு ஒரு க்வெரி, பெயருக்காக ஆர்டருக்கு ஒன்று, ஆக 51. என் பிளஸ் ஒன் என்பது இதுதான். உங்கள் லேப்டாப்பில் நாலு ஆர்டர்தான் கிடக்கும், உறைக்காது. மாதக்கடைசி அறிக்கை ஒன்றை இப்படி எழுதிவிட்டு, சர்வர் மந்தம் என்று டிபிஏ அண்ணனிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன். அவர் பேசாமல் மானிட்டரைத் திருப்பினார். அதே செலக்ட், ஐடி மட்டும் மாறி மாறி, திரை திரையாக ஓடிக்கொண்டிருந்தது.

2. ஆர்டருக்கு ஒரே வாடிக்கையாளர் என்றால் செலக்ட் ரிலேட்டட், ஜாயினில் வந்துவிடும். ஆர்டருக்குப் பல பொருள் என்றால் ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்; ஐடிகளை 'இன்' போட்டு இன்னொரு க்வெரியில் அள்ளி, பைத்தானில் கோத்துக்கொள்ளும். ஆனால் அள்ளிய பட்டியல்மேல் ஃபில்டர் போட்டீர்களோ, மறுபடி டேட்டாபேஸுக்கு ஓடும்.

3. இரண்டு பட்டியல்களை ஒரே ஜாயினில் இழுக்காதீர்கள். 20 பொருள், 30 டெலிவரிக் குறிப்பு உள்ள ஆர்டருக்கு 600 வரிசை வந்து கொட்டும்.

4. மாடலிலேயே ஈகர் (உறவையும் உடனே சேர்த்து இழுப்பது) என்று எழுதிவைக்காதீர்கள். ஜேபிஏவில் மெனி டு ஒன் உறவு சொல்லாமலே ஈகர். நான் அதையும் லேசியாக, அதாவது தொடும்போது மட்டும் எடுப்பதாக, மாற்றிவிடுவேன். பட்டியல் பக்கத்துக்கு வேண்டியது வேறு, விவரப் பக்கத்துக்கு வேண்டியது வேறு. க்வெரி எழுதும் இடத்தில்தான் அது தெரியும். செஷன் மூடியபின் லேசி உறவைத் தொட்டால் ஹைபர்நேட் லேசி இனிஷியலைசேஷன் எக்ஸப்ஷனைத் தூக்கி எறியும். அதற்காக எல்லாவற்றையும் ஈகர் ஆக்குவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

5. எப்போதாவது ஒருவர் திறக்கும் டேப்புக்கு லேசியே போதும்.

6. ஜாங்கோ டெஸ்ட்டில் அசர்ட் நம் க்வெரீஸ் போட்டு க்வெரி எண்ணிக்கையைப் பூட்டுங்கள். எஸ்.க்யூ.எல்.ஆல்கெமியில் ரெய்ஸ்லோட், ரெயில்ஸில் 6.1 முதல் ஸ்ட்ரிக்ட் லோடிங். தெரியாமல் லேசியாக எடுத்தால் அங்கேயே பிழை வரும். டெஸ்ட் டேட்டாவில் ஒற்றை ஆர்டர் மட்டும் வைத்தால் இரண்டு க்வெரிதான் வரும், சரியாக இருப்பதுபோலத் தோன்றும். மூன்று ஆர்டராவது வையுங்கள்.