தாயக்கட்டை சொன்ன சேதி

"அப்பாவுக்கு ஞாபகம் மங்கிட்டு வருது. கவனிச்சியா?"

போன வருஷம் ஒரு ராத்திரி என் வீட்டுக்காரர் இப்படிக் கேட்டபோது எனக்குத் திக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை. மாமியார் போய் இரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்லுவார். "மாமா, பால் வாங்கியாச்சா?" என்றால் "ஆமாம்மா, நாளைக்குத்தான்" என்பார். பேத்தி பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாள். தலையை மட்டும் ஆட்டுவார். ஐந்து நிமிஷம் கழித்து அதையே திருப்பிக் கேட்பார். அவளும் அலுத்துப்போய் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விடுவாள்.

நாங்கள் இருப்பது விருத்தாசலம். மணிமுத்தாறும் பழமலைநாதர் கோயிலும் எவ்வளவு பேர் போனவையோ, அவ்வளவு பேர் போனது எங்கள் ஊர் பீங்கான். இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்லூரியும் இருக்கிறது. உங்கள் வீட்டு ஃப்யூஸ் கேரியரோ, கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்கோ, கொலுவில் வைத்த பொம்மையோ எங்கள் ஊரில் பிறந்ததாக இருக்கலாம்! மாமாவும் முப்பது வருஷத்துக்கு மேல் 'செராமிக்ஸ்' வேலை பார்த்தவர்தான். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கரண்ட் போன ராத்திரி

ஒருநாள் மழையில் கரண்ட் போய்விட்டது. டி.வி. இல்லை, செல்போனில் சார்ஜும் இல்லை. பொழுது போகவேண்டுமே! மாமியாரின் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளும் ஒரு டப்பா சோழியும் கிடைத்தன. எமர்ஜென்ஸி விளக்கு வெளிச்சத்தில் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டேன். "மாமா, நீங்களும் வாங்களேன்" என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு நான் பார்த்தது இரண்டு விஷயம்.

முதலாவது, மாமா ஆடின வேகம். கட்டை உருண்டு நின்றதும் "அஞ்சு... மறுபடி பன்னெண்டு. அஞ்சை வெளிக்காய்க்கு வை, பன்னெண்டுல அவனை வெட்டு!" என்று கண் மூடித் திறப்பதற்குள் சொன்னார். நாங்கள் விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள் அவர் எங்கள் காய் இரண்டை வெட்டியிருப்பார். யார் காய் எத்தனை பழுத்தது என்பதும் மனசிலேயே இருந்தது.

இரண்டாவது, கட்டையை அவர் பார்க்காதபோது நடந்தது. பேத்தி அந்தப் பக்கம் திரும்பி உருட்டிவிட்டு "மூணு தாத்தா!" என்று கத்துகிறாள். அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். "தாத்தா, உங்க ஆட்டம்!" அதற்கும் பதில் இல்லை. முழங்கையைத் தொட்டதும் "ஓ, எனக்கா?" என்று உருட்டுகிறார். பையன் குரல் கொஞ்சம் கனம், அது கேட்கிறது. எட்டு வயசுப் பெண்ணின் கீச்சுக்குரல் கேட்கவில்லை. பேசுகிறவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறி தட்டியது. இவ்வளவு கணக்குப் போடுகிறவருக்கு மறதியா? ஒருவேளை நாம் சொன்னது அவர் காதிலேயே விழவில்லையோ? காதில் விழாததை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்?

டாக்டர் என்ன சொன்னார்?

அடுத்த வாரமே காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனோம். முதலில் காதில் அடைத்திருந்த குறும்பியை எடுத்தார். பிறகு ஆடியோகிராம் எடுத்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டி, சன்னமான ஒலி முதல் கனத்த ஒலி வரை எந்த அளவில் கேட்கிறது என்று பார்க்கும் சோதனை. வலியும் கிடையாது, ஊசியும் கிடையாது. இரண்டு காதிலும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் கேட்கும் திறன் நன்றாகக் குறைந்திருந்தது.

"என்ன வேலை பார்த்தீங்க?" என்றார் டாக்டர்.

"செராமிக்ஸ்ல, பால் மில் பக்கத்துல சார்."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். பால் மில் என்பது பெரிய உருளை டிரம். களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் இவற்றோடு தண்ணீரும், அரைப்பதற்குக் கூழாங்கல்லோ பீங்கான் உருண்டையோ போட்டு மணிக்கணக்கில் சுழல விடுவார்கள். உள்ளே கல்லும் கல்லும் மோதும் சத்தம் சாதாரணமாக இருக்காது! 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினமும் எட்டு மணி நேரம், வருஷக்கணக்கில் இருந்தால் உள்காதில் இருக்கும் மெல்லிய மயிர்க்கால் செல்கள் தேய்ந்துபோகும். போனது திரும்ப முளைக்காது. முதலில் பாதிக்கப்படுவது உயர்ந்த ஒலிகள். அதனால் பேச்சுச் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும்தான் முதலில் நழுவும். வயது ஏற ஏற இது இன்னும் கூடும்.

பீங்கான் என்றில்லை. விசைத்தறி, நூற்பாலை, மர அறுவை மில், பட்டறை என்று எங்கே வேலை பார்த்தவராக இருந்தாலும் இதே கதைதான். இப்போது அந்த வேலைகளில் இருப்பவர்கள் காதடைப்பான் போட்டுக்கொள்ள வெட்கப்படவே கூடாது.

"அப்போ மறதி இல்லையா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"தாயம் நல்லா ஆடறதை வச்சே மறதி இல்லைன்னு முடிவு கட்டக் கூடாது. பல வருஷம் பழகின ஆட்டம் கடைசி வரைக்கும் கூட நிக்கும்" என்றார் டாக்டர். அதனால் ஞாபக சக்திக்கான கேள்விச் சோதனையும் செய்தார்கள். தைராய்டு, வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். ஏனென்றால் இவை குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும், மறதி மாதிரியே தெரியும். கண்டுபிடித்தால் சரிசெய்யவும் முடியும். மாமாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. தேவைப்பட்டது காதுக் கருவி மட்டும்தான்.

இரண்டு வருஷமாக ஒரு மனுஷர் எங்கள் நடுவில் தனித்தீவாக உட்கார்ந்திருந்திருக்கிறார். நாங்களோ "வயசாச்சு", "மறதி" என்று பேர் வைத்துவிட்டோம். இதை எழுதும்போதும் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

காது கேட்காததைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் தந்த அறிக்கை, மறதி நோய்க்குக் காரணமாகக்கூடிய, நம்மால் மாற்றக்கூடிய 14 விஷயங்களைப் பட்டியல் போட்டது. அவற்றில் காது கேளாமையும் ஒன்று. தனிமையும் ஒன்று. காது கேட்காவிட்டால் தனிமை தானாகவே வந்து சேரும்.

ஆட்டம் மருந்தா?

பலகையில் ஆடினால் மறதி நோய் வராது என்று சிலர் சொல்வார்கள். உண்மை என்ன?

நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சராசரியாக ஐந்து வருஷம் கவனித்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில், படிப்பது, பலகை ஆட்டம் ஆடுவது, வாத்தியம் வாசிப்பது, நடனமாடுவது ஆகிய பழக்கங்கள் உள்ளவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்தது தெரிந்தது. பிரான்சில் 3,600-க்கும் மேற்பட்ட முதியவர்களை இருபது வருஷம் கவனித்த இன்னொரு ஆய்வு 2013-ல் வந்தது. அதிலும் ஆடுகிறவர்களுக்கு ஆபத்து 15 சதவீதம் குறைவு. ஆனால் ஆரம்பத்திலேயே யாருக்கு மூளை சுறுசுறுப்பாக இருந்தது, யாருக்கு மனச்சோர்வு இருந்தது என்பதையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

அதாவது, ஆடுவதால் மூளை நன்றாக இருக்கிறதா, மூளை நன்றாக இருப்பதால் ஆடுகிறார்களா என்பது இன்னும் தீராத வழக்கு. எனவே ஆட்டத்தை மாத்திரைக்குப் பதிலாக நினைக்காதீர்கள். ஆனால் ஒன்று நிச்சயம். நாலு பேர் முகம் பார்த்து உட்கார்ந்தால்தான் ஒருவர் உடம்பிலும் மனசிலும் என்ன மாறுகிறது என்று மற்றவருக்குத் தெரியும். கை நடுங்குகிறதா, கண் தெரியவில்லையா, கணக்குத் தப்புகிறதா, காது கேட்கவில்லையா... டி.வி. முன்னால் எல்லோரும் ஒரே திசையில் உட்கார்ந்தால் இதெல்லாம் தெரியுமா, நீங்களே சொல்லுங்கள்!

யாருக்கு எந்த ஆட்டம்?

பரமபதம்: நாலைந்து வயசுக் குழந்தைகளுக்கு. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க நம் பாட்டிமார்கள் ஆடியதுதான். இங்கிருந்து இங்கிலாந்து போய் 'ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆயிற்று. 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 1 முதல் 10 வரை எண் போட்ட கட்டப் பலகையில் குழந்தைகளை கால் மணி நேரம் போல நாலே முறை ஆடவிட்டார்கள். எண்ணறிவு கூடியது! எண்ணுக்குப் பதில் வண்ணம் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. சூட்சுமம் இதுதான்: காயை நகர்த்தும்போது "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லாமல், நிற்கும் கட்டத்திலிருந்து "இருபத்தஞ்சு, இருபத்தாறு" என்று கட்டத்தின் எண்ணையே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

தாயம்: பள்ளிப் பிள்ளைகளுக்கு. இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் இரண்டே விதம்தான் தாயம். எட்டில் ஒரு பங்கு! அதனால்தான் காய் இறங்க அவ்வளவு நேரம். தம்பிக்குத் தாயம் விழுந்து தனக்கு விழாதபோது பொறுமையாக உட்கார்ந்திருப்பதே பெரிய பாடம்.

ஆடுபுலி ஆட்டம்: யோசிக்கத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு. மூன்று புலி, பதினைந்து ஆடு. தனித்து நிற்கிற ஆட்டைப் புலி தாண்டி வெட்டும். ஆடுகள் சேர்ந்து நின்றால் புலியையே நகரவிடாமல் கட்டிவிடும். பழைய கோயில்கள் பலவற்றின் கல் தரையில் இந்தக் கட்டத்தைப் பார்க்கலாம்.

பல்லாங்குழி: விரல்களுக்கு. பதினாலு குழியில் ஒவ்வொரு முத்தாக எடுத்துப் போடும்போது விரல் நுனிகளுக்கு நல்ல வேலை. பக்கவாதத்துக்குப் பிறகு கை தேறி வருபவர்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்டுக்கொண்டு ஆடலாம்.

கேரம்: வாலிபப் பிள்ளைகளை இழுத்து உட்கார வைக்க இதை விட்டால் வேறில்லை! சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆனார். 2024-ல் சென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார்.

இதெல்லாம் நேற்று வந்த பழக்கம் இல்லை. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் தந்தப் பகடையும் கிடைத்திருக்கின்றன. மண்ணைச் சுட்டுக் காய் செய்து ஆடிய பரம்பரை நாம்!

கவனிக்க வேண்டியவை

* ஆடும்போது டி.வி.யை அணைத்துவிடுங்கள். பெரியவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி பேசுங்கள். கத்த வேண்டாம், நிதானமாகச் சொன்னால் போதும்.

* மூட்டுவலி உள்ளவர்களைத் தரையில் உட்கார வைக்காதீர்கள். பலகையை மேஜைக்கு ஏற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடக்கட்டும்.

* பல்லாங்குழிக்குக் குன்றிமணி வேண்டவே வேண்டாம். கடித்து மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம். சோழி, புளியங்கொட்டை போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எட்டும் இடத்தில் இவற்றையும் வைக்காதீர்கள். தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

* காசு வைத்து ஆடாதீர்கள், பத்து பைசாவாக இருந்தாலும் சரி.

* தோற்ற குழந்தையைக் கேலி செய்யாதீர்கள். ஜெயிக்க வைப்பதற்காக எப்போதும் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். தோற்றுப் பழகுவதற்கு வீட்டைவிடப் பத்திரமான இடம் ஏது?

* டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது, அடிக்கடி "என்ன?" என்பது, கூட்டத்தில் பேசாமல் ஒதுங்குவது இவை தெரிந்தால் தள்ளிப்போடாமல் காதைச் சோதியுங்கள்.

காதுக் கருவி மாட்டின முதல் பத்து நாள் மாமா பட்ட பாடு! "பாத்திரம் உருட்டற சத்தம் மண்டையில அடிக்குதும்மா" என்று கழற்றி வைத்துவிடுவார். "கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள், பழக சில வாரம் ஆகும்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். தாயம் ஆடும் அரை மணி நேரம் கருவி காதில் இருந்தே ஆகவேண்டும்!

அப்படி ஒரு சாயங்காலம் பேத்தி அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "தாத்தாவுக்குத் தெரியாம ஒரு கட்டம் தள்ளி வச்சுட்டேன்" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

"ஏய், எனக்குக் கேட்டுது. காயைப் பின்னால வை!" என்றார் மாமா.

வீடே சிரித்தது. அவரும்தான்.