பாதுகாப்பு அலுவலர் ஆகலாம்!

2023 அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடை தீப்பிடித்தது. இறந்தவர்களில் பலர் தீபாவளி சீசன் வேலைக்குப் போன நம்ம தருமபுரி மாவட்டத்துப் பையன்கள். அதனால்தான் இந்தப் படிப்பைப் பற்றி எழுதுகிறேன்.

வேலை: விபத்து நடக்கும் முன்பே ஆபத்தைக் கண்டுபிடிக்கணும். முதலில் ஆபத்தையே நீக்கணும். முடியாவிட்டால் இயந்திரத்துக்குத் தடுப்பு போடணும். ஹெல்மெட், கையுறை எல்லாம் கடைசிதான்.

சட்டம்: 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் 1000 பேர் வேலை செய்யும் ஆலைக்குப் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. 2020ஆம் வருடச் சட்டத் தொகுப்பு அதை 500 ஆகக் குறைத்தது. ஆனால் பட்டாசுக் கடை மாதிரி சின்ன இடத்தில் அவர் இருக்கமாட்டார். அங்கே போய்ச் சொல்லித்தரத்தான் பயிற்சியாளர்களும் ஆலோசகர்களும் தேவை.

படிப்பு: பிளஸ் டூ அறிவியல், பிறகு பொறியியல், சில வருட ஆலை அனுபவம், அதன்பின் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ. சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் இது ஒரு வருடப் படிப்பு. தொழிலாளர் பேசும் மொழி தெரிந்திருக்கணும் என்பதும் தகுதி. அது நம்மகிட்ட இருக்கே!

அதுவரை, மலையை விட்டு வேலைக்குப் போகிற அண்ணன், அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: "தீப்பிடித்தால் வெளியே வர இரண்டாவது வழி இருக்கா?"