ஜிக் போட்டு சூரை பிடிக்க

உத்திரமேரூர் வைரமேக தடாகத்தில் விரால் தூண்டில் போட்டுப் பழகிய கை, கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ படகேறினால் முதலில் தடுமாறும். ஏரியில் தூண்டில் போட்டுக் காத்திருக்கலாம். ஜிக்குக்கு அந்தப் பொறுமை உதவாது. அது இரையில்லாத உலோகத் துண்டு, நீங்கள் ஆட்டினால்தான் அது மீன்.

ஆழமும் நீரோட்டமும் கூடக்கூட ஜிக்கின் எடையைக் கூட்டுங்கள். அடிவரை இறக்கி, கோலைச் சுண்டிச் சுண்டி ரீலைச் சுற்றுங்கள். நடுவில் தளர விடுங்கள். ஜிக் புரண்டு விழும்போதுதான் பெரும்பாலும் கடி விழும். கொக்கியைக் கீழே மாட்டாமல் தலைப்பக்கம் குட்டைக் கயிற்றில் கட்டினால் பாறையில் சிக்குவது குறையும். பின்னல் நூலின் நுனியில் தடித்த தங்கூசி அவசியம். சீலாவும் வஞ்சிரமும் பல்லால் அறுத்துவிடும் இடத்தில் சிறு கம்பி சேருங்கள்.

பலர் கோட்டை விடுவது மீன் ஏறிய பிறகுதான். சூரை சூடான உடம்புக்காரன். செவுளருகே கீறி ரத்தம் வடித்து உடனே ஐஸில் புதையுங்கள். வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். அந்த மீனைத் தின்றால் முகம் சிவக்கும், தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. ஊர் திரும்பும்வரை பெட்டியில் ஐஸ் குறையக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையில் விசாரித்து, லைஃப் ஜாக்கெட் போட்டபின் கிளம்புங்கள். திரும்பியதும் ஜிக்கையும் ரீலையும் நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள்.