இருபத்துநான்கில் பதினாறு போனால்

தம்பி,

மும்பைப் பிராந்தியத்தில் ஒரு கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுத்து, 24 ஜிபி நினைவகமுள்ள எல்4 கார்டில் லாமா 3.1-இன் 8 பில்லியன் மாடலை இறக்கி, விஎல்எல்எம் என்ற மென்பொருளைக் கொண்டு அதை இயக்க முற்பட்டபோது, ஒரு சொல் பதில் வருவதற்கு முன்பே அது இடம் போதவில்லை என்று அறிவித்து நின்றுவிட்டதை விவரமாக எழுதியிருந்தாய். "மாடல் 16 ஜிபி, கார்டு 24 ஜிபி, மீதம் 8 ஜிபி இருக்கையில் இடமில்லை என்று ஏன் சொல்கிறது?" என்பது உன் முதல் கேள்வி, "80 ஜிபி கார்டாகவே எடுத்துவிடட்டுமா?" என்பது இரண்டாவது. முதல் கேள்வி எனக்குப் பரம சந்தோஷத்தை அளித்தது. கழித்துப் பார்த்தவனுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். இரண்டாவது கேள்வி என்னைச் சற்று வருத்தியது என்பதை மறைப்பதற்கில்லை. காரணம் இன்னதென்று தெரிவதற்கு முன்பே காசைக் கொட்டிப் பரிகாரம் தேடுகிற வழக்கம் இத்துறையில் அளவுக்கு மீறிப் பரவியிருக்கிறது. அது உன்னையும் தொற்றிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டிரைவரை நிறுவுவது, மாடலை இறக்குவது முதலியவை உனக்குக் கைவந்தவை. அவற்றை விட்டுவிட்டு நேரே கணக்குக்கு வருகிறேன். மாடலின் எடைகள் 16 ஜிபியை அடைத்துக்கொள்வது உண்மை. ஆனால் உரையாடல் நடக்க நடக்க, அதுவரை வந்துபோன ஒவ்வொரு டோக்கனைப் பற்றியும், அதாவது சொல் அல்லது சொல்துண்டு ஒவ்வொன்றைப் பற்றியும், மாடல் தனக்கென்று சில எண்களைச் சேமித்து வைத்துக்கொண்டே போகிறது. கேவி கேச் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்களே, அது இதுதான். நீ இறக்கிய மாடலில் 32 அடுக்குகள்; அடுக்கு ஒன்றுக்கு 8 கேவி தலைகள்; தலை ஒன்றுக்கு 128 எண்கள்; சாவிக்கு ஒரு தொகுதி, மதிப்புக்கு ஒரு தொகுதி என இரண்டு; எண் ஒன்றுக்கு 2 பைட். இவற்றைப் பெருக்கிப் பார், டோக்கன் ஒன்றுக்கு 128 கிலோபைட் வரும். இந்த மாடல் ஒரே உரையாடலில் 1,31,072 டோக்கன்கள் வரை தாங்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. நீயும் அந்த உச்ச வரம்பைக் குறைக்காமல் அப்படியே விட்டுவிட்டாய். அவ்வளவு நீளமான ஒரே ஓர் உரையாடலுக்கு 16 ஜிபி வேண்டும், அதாவது மாடல் முழுவதும் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு. விஎல்எல்எம்மோ கார்டு நினைவகத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கைத்தான் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். அதில் எடைகளும் இடைக்காலக் கணக்கீடுகளும் போக உனக்கு மிஞ்சியது 4 ஜிபி சுற்று வட்டாரந்தான். 16 கேட்கும் இடத்தில் 4 இருந்தால், இயந்திரம் தொடக்கத்திலேயே கையை விரித்ததில் குற்றம் ஒன்றுமில்லை. பாதி வழியில் கவிழ்வதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல். அந்த 4 ஜிபியில் சுமார் 32,000 டோக்கன்கள் அடங்கும். வரம்பை 8,192 என்று குறைத்து வைத்தால், முழு நீள உரையாடல்கள் நான்கு ஒரே சமயத்தில் நடக்கலாம். ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் தீர்கிற விஷயம் இது. இதற்கு 80 ஜிபி எதற்கு?

மாடலின் பருமனை மட்டும் பார்த்து இந்தச் செலவை ஊகிக்க முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லாமா 2-இன் 7 பில்லியன் மாடல் இதைவிடச் சிறியது. ஆயினும் அதில் கேவி தலைகள் 32 என்பதால் டோக்கன் ஒன்றுக்கு 512 கிலோபைட் கேட்கும், அதாவது நான்கு மடங்கு. பல தலைகள் ஒரே சாவியையும் மதிப்பையும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனையை 2019-இல் நோவம் ஷசீர் முன்வைத்ததும், 2023-இல் அது தலைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் முறையாகத் திருத்தம் பெற்றதுமே லாமா 3.1-இன் இந்தச் சிக்கனத்துக்கு மூலகாரணம். எந்த மாடலை இறக்கினாலும் அதனுடன் வரும் அமைப்புக் கோப்பைத் திறந்து அடுக்கு எத்தனை, கேவி தலை எத்தனை என்று முதலில் பார்.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் எத்தனை ஜிபி என்று கேட்கிறார்கள். சற்று விஷயம் தெரிந்தவர்கள் விநாடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்கீடு என்று கேட்கிறார்கள். நினைவகத்திலிருந்து விநாடிக்கு எவ்வளவு படிக்க முடியும் என்று கேட்பவர்கள் அபூர்வமாக இருக்கிறார்கள். பதில் பிறக்கும் வேகத்தை, தம்பி, பெரும்பாலும் அந்த மூன்றாவது எண்ணே நிர்ணயிக்கிறது. காரணம் இதுதான்: ஒவ்வொரு டோக்கனையும் உற்பத்தி செய்வதற்கு மாடலின் எடைகள் அனைத்தும் ஒருமுறை நினைவகத்திலிருந்து கணக்கிடும் பகுதிக்கு வந்தாக வேண்டும். ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்வதற்காக ஒவ்வொரு முறையும் நிகண்டை முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை புரட்டி முடிக்கிற பண்டிதரை நினைத்துக்கொள். அவர் எவ்வளவு பெரிய மேதையாயிருந்தாலும், ஏடு புரட்டும் வேகத்தைத் தாண்டி அவரால் பதில் சொல்ல இயலாது. எல்4 கார்டு விநாடிக்கு 300 ஜிபி படிக்கும். 300-ஐ 16-ஆல் வகுத்தால் 18 சொச்சம். ஒரே ஒருவர் கேட்கும்போது விநாடிக்கு அவ்வளவு டோக்கன்தான் உச்சம், நடைமுறையில் அதற்கும் குறைவு. 2021-இல் வந்த ஏ10 கார்டுக்கும் நினைவகம் இதே 24 ஜிபிதான். ஆனால் அது விநாடிக்கு 600 ஜிபி படிக்கும். 2018-இல் வந்த பழைய டி4 கூட 320 ஜிபி படிக்கும்! 2023-இல் வந்த எல்4 இந்த ஒரு விஷயத்தில் தன்னைவிட ஐந்து வயது மூத்த கார்டுக்குப் பின்னால் நிற்கிறது என்றால், புதியது எல்லாவற்றிலும் வேகமானது என்று கண்ணை மூடிக்கொண்டு வாடகைச் சீட்டில் கையெழுத்திடுபவர்களை என்னென்பது?

எல்4 மட்டமானது என்று நான் சொல்வதாக எண்ணாதே. கேள்வியை முதன்முதலில் படித்து உள்வாங்கும் கட்டத்தில், டோக்கன்கள் எல்லாம் ஒருசேர நுழைவதால், கணக்கீட்டு வேகமே பிரதானம். அங்கே டி4 அதன் அருகில் நிற்க முடியாது. அன்றியும், பத்துப் பேர் ஒரே சமயத்தில் கேட்டால் எடைகளைப் பத்து முறை படிக்க வேண்டியதில்லை. ஒருமுறை படித்ததைக் கொண்டே பத்துப் பேருக்கும் அடுத்த டோக்கனை அளித்துவிடலாம். ஆகையால் பத்துப் பேர் வந்தால் பத்து மடங்கு மந்தமாகும் என்ற பயமும் ஆதாரமற்றது. மந்தமாவதற்கு முன் கேவி கேச்தான் நிரம்பும்.

கணக்கிடும் இடமும் நினைவகமும் பிரிந்திருப்பதனால் நேரும் இந்தச் சங்கடம் நேற்று முளைத்ததன்று. ஜான் பாக்கஸ் என்ற மேதை, ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர், 1977-இல் டியூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், இவ்விரண்டையும் இணைக்கும் குறுகிய வழி புட்டியின் கழுத்தைப் போலக் கணினியை நெரிக்கிறது என்று எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு அச்சில் வந்த அந்த உரையை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. 1995-இல் வுல்ஃப், மெக்கீ என்ற இருவர், நினைவகம் ஒரு சுவராக வந்து நிற்கப்போகிறது என்று சில பக்கங்களில் எழுதினார்கள். நீ உபயோகிக்கும் விஎல்எல்எம்மின் ஆதாரக் கருத்துக்கும் பூர்வோத்தரம் உண்டு. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில், நினைவகத்தைச் சம அளவுப் பக்கங்களாகப் பகுத்து, வேண்டிய பக்கத்தை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளும் உபாயத்தைக் கண்டார்கள். பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் செய்தது, அதே உபாயத்தைக் கேவி கேச்சுக்குப் பிரயோகித்ததுதான். அதற்கு முன்பு ஒவ்வொரு கேள்விக்கும் அதன் உச்ச நீளத்துக்கு வேண்டிய இடம் மொத்தமாக ஒதுக்கப்பட்டு வந்தது. அப்படி ஒதுக்கியதில் 20 முதல் 38 சதவீதம் வரைதான் உண்மையில் பயன்பட்டதென அவர்கள் அளந்து காட்டினார்கள். இப்போது 16 டோக்கன்கள் கொண்ட சிறு துண்டுகளாக, தேவை எழும்போது மட்டும் இடம் தரப்படுகிறது. உங்கள் தலைமுறை பழைய கட்டுரைகளைப் படிப்பதே இல்லை என்பது எனக்கு நீண்டநாள் மனக்குறை. அவை தூசு படிந்தவை என்று ஒதுக்குகிறவன், தான் தினமும் இயக்கும் மென்பொருளின் வேரை அறியாமலே காலம் தள்ளுகிறான்.

உன் ஆவணங்கள் பெரும்பாலும் தமிழில் உள்ளவை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் மேலே போட்ட கணக்கு இன்னும் இறுகும். 'மொழி' என்ற சொல்லை எடுத்துக்கொள். கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் ம, ஒகரக் குறி, ழ, இகரக் குறி என நான்கு குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் வீதம் 12 பைட். டோக்கனாக்கிகள் பெரும்பாலும் ஆங்கிலம் மிகுந்த உரைகளைக் கொண்டு பயிற்சி பெற்றவையாதலால், ஆங்கிலச் சொல் ஒரே டோக்கனாக நிற்கும் இடத்தில் தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறுகிறது. சிதறிய துண்டு ஒவ்வொன்றுக்கும் அதே 128 கிலோபைட். துண்டு ஒவ்வொன்றுக்கும் நிகண்டை ஒருமுறை முழுதாகப் புரட்டல். ஆங்கிலத்தில் அளந்து பார்த்த யாரோ ஒருவர் சொன்ன வேகத்தை நம்பித் தமிழுக்குச் சர்வர் எடுக்காதே. உன் ஆவணத்தில் ஒரு பக்கத்தை நீயே டோக்கனாக்கியில் கொடுத்து எண்ணிப் பார். அளவு தெரியாமல் செய்யும் எந்தத் தீர்மானமும் என் அபிப்பிராயத்தில் தீர்மானமே அன்று.

எண்ணிய பிறகும் இடம் போதாதென்று தெரிந்தால், முதலில் எடைகளை 8 பிட்டுக்குக் குறைத்துப் பார். எல்4 கார்டு எஃப்பி8 என்ற 8 பிட் முறையை நேரடியாகவே ஏற்கும். எடைகள் ஏறக்குறைய பாதியாகும். கேவி கேச்சுக்கு மேலும் 7 ஜிபி போலக் கிடைக்கும். புரட்ட வேண்டிய ஏடுகள் பாதியானதால் வேகமும் ஏறக்குறைய இரட்டிக்கும். 4 பிட் வரையிலும் போகலாம். ஆனால் தமிழ்ப் பதிலின் தரத்தை உன் சொந்தக் கேள்விகளைக் கொண்டு பரீட்சிக்காமல் அங்கே போகாதே.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து எளிதாக அணுகலாமே என்று, சர்வரை எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி வைத்து, 8000 என்ற போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். இன்றே அதை மூடு. விஎல்எல்எம்மாகட்டும், அதைப் போன்ற ஒல்லாமாவாகட்டும், நீ கேட்டாலன்றித் தானாகக் கடவுச்சாவி கேட்பதில்லை. திறந்த போர்ட்டுகளை இரவும் பகலும் தேடித் திரியும் நிரல்கள் எண்ணற்றவை. உன் வாடகையில் யாரோ பதில் பெற்றுக்கொண்டிருப்பார்கள். நீ ஒருவன் மட்டும் உபயோகிப்பதானால் எஸ்எஸ்ஹெச் சுரங்கம் போதும். பலர் உபயோகிப்பதானால் முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்து, டிஎல்எஸ் போட்டு, ஆளுக்கொரு சாவி கொடு.

மாடலின் உரிமத்தையும் ஒருமுறை படித்துவிடு. லாமாவை ஓப்பன் சோர்ஸ் என்று எல்லோரும் சொன்னாலும், மாதம் 70 கோடிப் பயனருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் தனி அனுமதி பெற வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அதில் உண்டு. உனக்கு அவை இடைஞ்சல் இல்லை. நிபந்தனை குறைந்ததே வேண்டுமென்றால் மிஸ்ட்ரல் 7பி அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கிறது, ஆனால் அதன் தமிழை நன்றாகச் சோதித்துவிட்டு எடு.

இப்போதைக்குக் கார்டை மாற்றாதே. வரம்பை 8,192 என்று வைத்து இயக்கு. வேலையில்லாத இரவுகளில் சர்வரை அணைத்துவிடு. அணைத்த பிறகும் டிஸ்க்குக்கு வாடகை ஓடும் என்பதை நினைவில் வை. உன் தமிழ்ப் பக்கம் ஒன்றுக்கு எத்தனை டோக்கன், ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் கேட்பார்கள், பதில் எத்தனை பக்கம் வரை நீளலாம் என்ற மூன்று எண்களையும் அளந்து எனக்கு எழுது. அவை வந்த பிறகு, எல்4-இலேயே இருப்பதா, ஏ10-க்குப் போவதா என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியன்