வட்ட லென்ஸுக்குள் சதுரம்: கேமராவில் ஒரு வடிவியல் பாடம்

பழைய தோற்றத்தில் செய்யப்பட்ட புதிய டிஜிட்டல் கேமராக்களுக்கு இப்போது நல்ல மவுசு. 2011இல் விற்பனைக்கு வந்த புஜிபிலிம் எக்ஸ்100, 2013இல் வந்த நிக்கான் டிஎஃப், 2023இல் வந்த நிக்கான் இசட்எஃப் ஆகியவற்றை மேசைமேல் வைத்தால் தாத்தா காலத்துப் பிலிம் கேமரா என்றே தோன்றும். மேலே எண்கள் பொறித்த திருகுகள், கறுப்புத் தோல் போன்ற உறை. உள்ளே மட்டும் பிலிமுக்குப் பதிலாகச் சென்சார். இவற்றின் விலை நமக்கு எட்டாது, வாங்கவும் வேண்டாம். ஆனால் இவற்றை விரும்புவோர் அடிக்கடி எழுப்பும் ஒரு கேள்வி நம் கணித வகுப்புக்கு மிகவும் உகந்தது. லென்ஸ் வட்டம், அது வீழ்த்தும் பிம்பமும் வட்டம். அப்படியிருக்க, சென்சார் ஏன் நீள்செவ்வகமாக இருக்கிறது? சதுரமாக இருந்தால் என்ன?

சதுரப் படம் நமக்குப் புதிதல்ல. ஒலக்கூர், திண்டிவனம் வட்டார வீடுகளில் 1970, 80களின் ஆல்பங்களைப் பிரித்தால், வெள்ளை ஓரம் விட்ட கையகலச் சதுரப் படங்கள் கண்ணில் படும். இந்தியாவில் அன்று பரவலாக விற்ற ஆக்ஃபா கிளிக் 3 கேமரா, 120 வகைப் பிலிம் சுருள் ஒன்றில் 6 செ.மீ.க்கு 6 செ.மீ. அளவில் 12 படங்கள் எடுக்கும். ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருந்த யாஷிகா, ரோலிஃபிளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களும் அதே அளவில்தான் எடுத்தன. அவற்றை வயிற்றருகே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்ப்பார்கள். நெட்டுப் படம் வேண்டும் என்று அதைப் பக்கவாட்டில் சாய்த்தால் பார்ப்பதே சிரமம். சதுரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. 90 பாகை திருப்பினாலும் சதுரம் சதுரமே. நெட்டாகவோ அகலமாகவோ பிறகு வெட்டிக்கொள்ளலாம். சுழல் சமச்சீர்த் தன்மையை நடத்தும்போது, சதுரத்துக்கு வரிசை 4, செவ்வகத்துக்கு 2 என்று சொல்வதோடு இந்தக் கேமராவையும் சொல்லிப் பாருங்கள்.

செவ்வகம் வந்த வழி வேறு. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக், சினிமாவுக்கான 35 மி.மீ. பிலிமைக் கையடக்கக் கேமராவில் பயன்படுத்த முனைந்தார். பிலிமின் இரு ஓரங்களிலும் துளைகள். இடையில் மிஞ்சும் அகலம் 24 மி.மீ. சினிமாச் சட்டம் 18க்கு 24; அதை இரட்டித்து 24க்கு 36 ஆக்கினார். அந்த லைக்கா கேமரா 1925இல் விற்பனைக்கு வந்தது. இன்றைய நிக்கான் இசட்எஃப்பின் சென்சாரும் ஏறக்குறைய அதே 36க்கு 24தான். துளையும் இல்லை, சுருளும் இல்லை. விகிதம் மட்டும் 3:2 ஆகவே நிற்கிறது. இந்தக் கேமராக்களில் உண்மையிலேயே பழையது மேலே உள்ள திருகுகள் அல்ல, உள்ளே இருக்கும் இந்தச் செவ்வகம்தான் என்பது என் எண்ணம்.

இனி வகுப்புக்கு வருவோம். ஏழாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவும் எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றமும் வருவதால், எட்டிலோ ஒன்பதிலோ இதைச் செய்யலாம். ஒவ்வொரு குழுவும் 5 செ.மீ. ஆரமுள்ள வட்டங்களை அட்டையில் வெட்டிக்கொள்ளட்டும். அந்த வட்டமே லென்ஸ் வீழ்த்தும் பிம்பம். அதற்குள் அடங்கும் மிகப் பெரிய செவ்வகச் சென்சாரை வெட்ட வேண்டும் என்பதே சவால். மூலைகள் நான்கும் வட்டத்தின் மேல் இருக்க வேண்டும். அப்போது மூலைவிட்டம் வட்டத்தின் விட்டமாகிய 10 செ.மீ. ஆகிவிடும்.

ஒரு குழு, விட்டத்தின் ஒரு முனையிலிருந்து கவராயத்தால் 6 செ.மீ. குறிக்கட்டும். மறுமுனைக்கு 8 செ.மீ. வரும். 6, 8, 10 என்று பிதாகரஸ் எண்கள் தாமாகவே வந்து நிற்கும். எதிர்ப்புறமும் இப்படிக் குறித்தால் 48 ச.செ.மீ. பரப்புள்ள செவ்வகம் கிடைக்கும். இது 4:3 விகிதம்; பெரும்பாலான செல்பேசிகளின் சென்சார் விகிதமும் இதுவே. இன்னொரு குழு 3:2 விகிதத்தில் வெட்டினால் பக்கங்கள் ஏறத்தாழ 8.3, 5.5, பரப்பு சுமார் 46. தொலைக்காட்சித் திரையின் 16:9 விகிதத்தில் 43 கூடத் தேறாது. சதுரம் வெட்டும் குழுவுக்கு அளவுகோலே வேண்டாம். வட்டத்தை இரண்டு முறை மடித்து, மடிப்புகள் ஓரத்தைத் தொடும் நான்கு இடங்களை இணைத்தால் போதும்.

சதுரத்தின் பக்கத்தை அளக்கும்போதுதான் சிக்கல் வரும். ஒரு குழு 7.1 என்று அளந்து 50.41 என்னும். 7 என்று அளந்த குழுவுக்கு 49. கத்தரிக்கோல் சற்று உள்ளே போய் 6.9 ஆகிவிட்டால் விடை 47.61, அதாவது 4:3 செவ்வகத்தைவிடக் குறைவு! இந்தக் குழப்பத்தை அவசரப்பட்டுத் தீர்க்க வேண்டாம். அளந்து பார்த்தால் போதும், நிறுவல் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் கிடைப்பது அரிது.

நிறுவல் இரண்டே படிகள். மூலைவிட்டம் செவ்வகத்தை இரு செங்கோண முக்கோணங்களாகப் பிரிக்கிறது. இரண்டுக்கும் அடிப்பக்கம் 10 செ.மீ. விட்டம். எனவே பரப்பை முடிவு செய்வது உயரம் மட்டுமே. மூன்றாவது முனை வட்டத்தின் மேல் எங்கு நகர்ந்தாலும், விட்டத்திலிருந்து அதன் உயரம் ஆரத்தைத் தாண்டாது. மிக அதிக உயரமான 5 செ.மீ. கிடைப்பது, முனை நட்டநடுவில் நிற்கும்போது. அப்போது இரு பக்கங்களும் சமம், செவ்வகம் சதுரம். பரப்பு சரியாக 50. ஒரு நூலின் இரு முனைகளை விட்டத்தின் முனைகளில் ஒட்டி, நடுவை வட்டத்தின் மேல் நகர்த்திக் காட்ட முயன்றால் நூலின் நீளம் போதாமலும் மிஞ்சியும் போகும். கரும்பலகையில் நான்கைந்து முக்கோணங்களை வரைவதே தெளிவு.

ஆக, சதுரமே பெரியது. ஆனால் எவ்வளவு பெரியது? 4:3க்கும் அதற்கும் இடைவெளி 2 ச.செ.மீ. மட்டுமே. 3:2ஐவிடச் சுமார் 8 விழுக்காடு கூடுதல். சதுரச் சென்சாரை விரும்புவோர் இந்த ஆதாயத்தைச் சற்று ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்பதையும் மாணவர்கள் கணக்கிட்டே கண்டுகொள்வார்கள். காகிதமும் திரையும் செவ்வகமாக இருக்கையில், சதுரமாக எடுத்ததை மறுபடி வெட்டத்தானே வேண்டும்? ஹாசல்பிளாட் நிறுவனம் தன் சதுரப் பிலிம் கேமராக்களுக்கென 16 மெகாபிக்சல் சதுரச் சென்சார் ஒன்றைத் தந்தது. பின்னர் செவ்வகத்துக்கே மாறிவிட்டது. 2025இல் ஐபோன் 17இன் முன்பக்கக் கேமராவில் சதுரம் மீண்டும் வந்திருக்கிறது. காரணம் பழைய ஸ்டுடியோக் காரணம்தான்: செல்பேசியைத் திருப்பாமலே நெட்டாகவும் அகலமாகவும் படம் எடுக்கலாம்.

சதுரச் சென்சார் இல்லாத கேமராவில் சதுரம் வேண்டுமென்றால் ஓரங்களை வெட்டுவதே வழி. இதை ஆறாம் வகுப்பின் விகிதப் பாடத்தில் வைக்கலாம். 6048க்கு 4032 பிக்சல் உள்ள நிக்கான் இசட்எஃப் படத்தைச் சதுரமாக்கினால் 4032க்கு 4032. மூன்றில் ஒரு பங்கு போயிற்று. செல்பேசியின் 4000க்கு 3000 படத்தில் கால் பங்கு போகும். 16:9 படத்தில் பதினாறில் ஏழு பங்கு போய்விடும்.

பின்னங்களாகச் சொன்னால் இது மனத்தில் பதியாது. வகுப்புக் குழுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் முழு அகலத்துக்கும் வரிசைக்கு எட்டுப் பேராக மூன்று வரிசை, 4:3 படம். அதை நடுவில் வைத்துச் சதுரமாக வெட்டினால் வரிசைக்கு ஆறு பேர் மிஞ்சுவர். விடுபடும் ஆறு பேர் யார்? கடைசியாக ஓடி வந்து ஓரத்தில் நின்றவர், கூச்சப்பட்டு ஒதுங்கியவர். அதே சதுரத்தை வாட்ஸ்அப் முகப்புப் படமாக வைத்தால் அது வட்டமாகத் தெரியும், சதுரத்திலும் 21.5 விழுக்காடு மறையும். மூலையில் நின்றவர் அங்கும் இருக்க மாட்டார். ஒரு பழைய குழுப் படத்தின் நகலைக் கொடுத்து, அட்டையில் வெட்டிய சதுரச் சட்டத்தையும் வட்டச் சட்டத்தையும் அதன்மேல் நகர்த்தி, யாரும் விடுபடாமல் இருக்க எத்தனை அடி தள்ளி நின்று எடுத்திருக்க வேண்டும் என்று மாணவர்களையே விவாதிக்கச் சொல்லலாம்.

வீட்டு வேலையாக, வீட்டிலுள்ள மிகப் பழைய படத்தின் நீள அகலங்களை அளந்து, விகிதத்தைச் சுருக்கி எழுதி வரச் சொல்லுங்கள். படத்தை எடுத்து வர வேண்டாம், அளவு போதும். பக்கத்துப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம், 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மப் பிரதிகளாக்கியிருக்கிறது. அப்படிப் பாதுகாக்கப்பட வேண்டிய ஒன்று மாணவர் வீட்டுப் பரணிலும் இருக்கலாம் என்று சொல்லி வையுங்கள். சதுரமாக வந்த படங்களை எழுதி வந்தவர்கள், படத்தில் உள்ளவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பெரியவர்களிடம் கேட்டு, அளவுக்குக் கீழே இரண்டு வரி சேர்க்கட்டும்.