நடால் ஆடிய இடத்தில் நீங்களும் ஆடலாம்

“டென்னிஸா? அதெல்லாம் கிளப் மெம்பருங்க ஆட்டம்” என்று சென்னையில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஜிம்கானா மாதிரி கிளப்புகளில் உறுப்பினராக இருந்தால்தான் வழி, அது சரிதான். ஆனால் நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம் நம்ம அரசுடையது. 1997 முதல் 2017 வரை சென்னை ஓபன் நடந்தது இங்கேதான். 2008 இறுதிப் போட்டியில் நடால் தோற்றதும், வாவ்ரிங்கா நான்கு முறை கோப்பை வாங்கியதும் இதே இடத்தில்!

ஸ்டேடியம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. கட்டணம், நேரம், பயிற்சி பற்றி ஆணையத்தின் இணையதளத்தை மொபைலிலேயே பாருங்க. பெரிய போட்டி நடக்கும் நாட்களில் கோர்ட் கிடைப்பது கஷ்டம். கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

கோடையில் அதிகாலைதான் நல்லது. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று வரும். வெயில் கண்ணில் அடிக்காமலிருக்க கோர்ட்டுகளைப் பொதுவாக வடக்கு தெற்காகப் போடுவார்கள். அதனால் காற்று குறுக்கே வீசும். சர்வீஸ் போடத் தூக்கும் பந்து பக்கவாட்டில் ஓடும். கொஞ்சம் தாழ்வாகத் தூக்கிப் பழகுங்க.

தரை கெட்டியான ஹார்டு கோர்ட். ஜாகிங் ஷூவில் ஆடினால் பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் மடங்கலாம். ராக்கெட்டை இரவல் வாங்கினாலும் பரவாயில்லை, டென்னிஸ் ஷூவை முதலில் வாங்கிடுங்க.